ஊதிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் குகைச் சுவர்க் காட்சி நேற்றிரவோடு நிறைவடைந்தது. நகக்கண்ணில் இன்னும் போகாத காவிக்கல் சிவப்போடு இந்த மடலை எழுதுகிறேன்.

ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் கொண்ட பிரான்சின் லாஸ்கோ குகையை 1963இல் மூடவைத்தது பார்வையாளர்களின் மூச்சு. அதிலிருந்த கரியமில வாயுவும் ஈரமும் ஓவியங்களை அரிக்கத் தொடங்கின. அதைப் படித்த நாளிலிருந்து, மூச்சு விட்டால்தான் ஓவியம் தோன்றும் சுவர் ஒன்றை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அதை நிறைவேற்றித் தந்தவர்கள் நீங்கள்.

தொல்லியல் ஆய்வாளர் ஐயாவுக்கு முதல் வணக்கம். 'குகைவாசிகளின் ஓவியங்கள்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பிரான்சின் இன்னொரு ஓவியக் குகையான ஷோவேயில் வரைந்தவர்கள் அங்கே குடியிருக்கவில்லை என்று பொறுமையாக விளக்கினார். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள லியாங் கரம்புவாங் குகையிலுள்ள பன்றி ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு வயது என்ற 2024ஆம் ஆண்டு ஆய்வையும் காட்டினார். கலை ஐரோப்பாவில்தான் பிறந்தது என்ற என் பழைய நினைப்பு அன்றோடு போயிற்று. முதல் சுவரில் காட்டெருமையை எடுத்துவிட்டுப் பன்றியை வைத்தோம்.

அடுத்து, நாடகக் கலைஞர் அக்கா. பாறையில் கையை வைத்து, கரைத்த காவியை வாயாலோ குழலாலோ ஊதினால் கை இருந்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கும். சுலவேசியிலும் அர்ஜென்டினாவின் 'கைகளின் குகை'யிலும் இப்படிப் பதிந்த கைகள் உண்டு. படித்தபோது எளிதாகத் தோன்றியது. அக்கா ஊதிய முதல் வாய்க் காவி திட்டாக விழுந்து மணிக்கட்டு வரை வழிந்தது. உதட்டைக் குவித்து, மூச்சைச் சிறு சிறு துண்டுகளாக விட்ட பிறகே விரலிடுக்கில் பொடிப்பொடியாகப் படிந்தது. கையை எடுத்தார். சுண்டுவிரல் சற்றே வளைந்த அவருடைய கை அந்தச் சுண்ணப் பலகையில் தங்கிவிட்டது. காட்சியில் நீங்கள் கண்ட அத்தனை கைகளுக்கும் அந்தப் பதிவே மூலம்.

ஒலிவாங்கியில் ஊதினால் திரையில் காவி தெறிக்கும் நிரலை எழுதிய தம்பிக்கு எப்படி நன்றி சொல்வேன்! தொடக்க நாளுக்கு முந்தைய இரவு, புரொஜெக்டர் விசிறியின் காற்றையும் மூச்சென்றே எடுத்துக்கொண்டு, ஆளில்லாத அறையில் சுவர் முழுக்கக் கைகள் முளைத்தபடியே இருந்தன. என் நெஞ்சு பதறியது. தம்பி பதறவில்லை. விசிறி ஒலி ஒரே சீராக வரும், மனித மூச்சு ஏறி இறங்கும் என்று சொல்லி, அந்த ஏற்ற இறக்கத்தைக் கணினிக்குக் கற்பித்து முடிக்கும்போது விடிந்திருந்தது.

ஒவ்வொருவரும் ஊதியபின் ஒலிவாங்கியைத் துடைத்து வைத்த தன்னார்வலர்கள், இருட்டைக் கண்டு மிரண்ட குழந்தைகளைக் கைபிடித்து அழைத்துவந்த பெற்றோர், எல்லோருக்கும் என் நன்றி.

அக்காவின் கை பதிந்த பலகை என் பணியறையில் இருக்கிறது. அதைச் சுற்றி நிறைய இடம் விட்டிருக்கிறேன். ஒரு டப்பா காவியும் மிச்சம் இருக்கிறது. உதவிய ஒவ்வொருவரும் வந்து, கையை வைத்து, ஊதிவிட்டுப் போக வேண்டும்.