ஸ்டீயரிங் கனக்கும் காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வலது தோளை இன்னும் முழுதாகத் தூக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், போகிற போக்கில், "சில நாள் காலையில் காரின் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கிறது, அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் சரியாகிவிடுகிறது" என்றும் எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அதனால் வீட்டுச் செய்திகளைப் பின்னுக்கு வைத்துவிட்டு இதை முதலில் எழுதுகிறேன்.

போன மாதம்தான் என் சின்னக் காருக்கு, ஸ்டீயரிங்கைத் திருப்பக் கைக்குத் துணை செய்யும் மோட்டாரை மாற்றினேன். எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. டாஷ்போர்டில் ஸ்டீயரிங் படமும் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் போட்ட மஞ்சள் விளக்கு எப்போதாவது எரியும். அணைத்து எடுத்தால் மறைந்துவிடும். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் ஸ்டீயரிங்கின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்கிறது. அந்த நொடியில் பழுது தலைகாட்டாவிட்டால் விளக்கை அணைத்துவிடும். விளக்கு அணைந்ததைக் குணமானதாக எடுத்துக்கொண்டு நானும் இரண்டு மாதம் ஓட்டினேன். அது பெரிய தவறு.

ஒரு நாள் வண்டியை நிறுத்துமிடத்திலிருந்து வெளியே திருப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு விரலால் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டீயரிங் பாதித் திருப்பத்தில் சட்டென்று கனத்துவிட்டது. பூட்டிக்கொள்ளவில்லை, கைக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியேதான் இருக்கும், மோட்டாரின் துணை மட்டும்தான் போகும். ஆனால் எதிர்பாராத நேரத்தில் அது போகும்போது வண்டி நீ நினைத்த வளைவில் போகாது. நான் இரண்டு கையையும் போட்டு, உடம்பின் பாரத்தையும் சேர்த்து இழுத்துத் திருப்பினேன். உன் தோள் இருக்கிற நிலையில் உன்னால் அது முடியுமா? நினைக்கவே பயமாக இருக்கிறது.

நாம் ஒரே அறையில் இருந்த காலத்தில் நீ எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்தப் பழைய வண்டியில் துணை என்று எதுவும் கிடையாது. "நின்ற இடத்தில் திருப்பாதே, ஓர் அடி உருளவிட்டுத் திருப்பு" என்று நூறு முறை சொல்லியிருப்பாய். அந்தப் பாடம் இந்த வண்டிகளுக்கும் பொருந்துகிறது. நின்ற இடத்தில் திருப்பும்போதுதான் மோட்டார் மிக அதிகமான மின்சாரத்தை இழுக்கிறது, பல பத்து ஆம்பியர் வரை. கடைசி வரை திருப்பி அங்கேயே அழுத்திப் பிடித்திருந்தால் மோட்டார் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துணையைக் குறைத்துவிடும்.

இந்த ஏற்பாடு சின்னக் கார்களில்தான் முதலில் வந்தது. 1988-இல் ஜப்பானில் வந்த சுசூக்கி செர்வோவில்தான் மின்சாரப் பவர் ஸ்டீயரிங் முதன்முதலாக இடம்பெற்றது. பழைய முறையில் இருந்த எண்ணெய்ப் பம்பை எஞ்சின் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இதிலோ தேவைப்படும்போது மட்டும்தான் மோட்டார் உழைக்கிறது. உன் கார், என் கார் போன்றவற்றில் அது டாஷ்போர்டுக்குக் கீழே ஸ்டீயரிங் தண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தண்டுக்குள் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. உன் கை திருப்பும்போது அது துளி முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கியது என்பதை சென்சார் அளந்து சொல்லும். வண்டியின் வேகத்தையும் பார்த்து எவ்வளவு துணை தரலாம் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

நான் முதலில் போன பணிமனையில் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முழுத் தண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் நிதானமானவர். மீட்டரை எடுத்து முதலில் பேட்டரியில் வைத்தார். ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி. பிறகு பெரிய ஃபியூஸ், பாடியோடு சேரும் எர்த் கம்பி, மோட்டாருக்குப் போகும் இணைப்பு. எல்லாம் சரியாக இருந்த பிறகுதான், கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். மோட்டாரின் மின்னோட்டத்தில் கோளாறு என்று வந்தது.

உனக்குக் காலையில் மட்டும்தான் வருகிறது என்பதால் என் முதல் சந்தேகம் மோட்டார் மேல் இல்லை, பேட்டரி மேல். இரவெல்லாம் நின்ற வண்டியை எடுக்கும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, மோட்டாருக்குப் போதிய மின்சாரம் தர முடியவில்லை என்று அர்த்தம். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியும் இதே வேலையைச் செய்யும். இவற்றைப் பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதே.

ஒருவேளை மோட்டார்தான் என்று ஆனால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் சுழலாதபடி சீட் பெல்ட்டால் கட்டினார். தண்டைப் பிரித்த பிறகு ஸ்டீயரிங் தானாகச் சுற்றிக்கொண்டால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கம்பி அறுந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏர்பேக்கில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிய வேண்டுமாம். மஞ்சள் நிற இணைப்புகள் எல்லாம் ஏர்பேக்குடையவை. அவற்றில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது என்றார். கீழே தண்டு சேரும் மூட்டில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டார். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால்கூட ஸ்டீயரிங் கோணலாகிவிடும், அதற்காக.

கழற்றிய மோட்டாரை அவரிடம் கேட்டு வாங்கி, வீட்டில் நாளிதழை விரித்துத் திறந்து பார்த்தேன். கண்மை போன்ற கரித்தூள் பேப்பர் முழுக்கக் கொட்டியது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டில் ஒன்று என் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதைப் பின்னாலிருந்து தள்ள வேண்டிய ஸ்பிரிங் எட்டவில்லை. பிரஷ் உரசும் செம்பு வளையத்தில் விரலை வைத்தால் வரப்புப் போலத் தடம் தட்டுப்பட்டது. பிரஷ் தொட்ட நாள் வண்டி திரும்பியது, தொடாத நாள் கனத்தது. அந்த மஞ்சள் விளக்கு இரண்டு மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். மோட்டாருக்கும், அதன் சுழற்சியைத் தண்டுக்குக் கொடுக்கும் வார்ம் கியருக்கும் நடுவே நட்சத்திர வடிவில் ஒரு ரப்பர் இருக்கும். அதுவும் பொடிந்திருந்தது, ஸ்டீயரிங்கை ஆட்டினால் வந்த 'டக்' சத்தம் அதனுடையது. புதிதாக மாட்டும்போது அதையும் மாற்றச் சொல்.

என் காருக்கு மோட்டார் தனியாகக் கிடைத்தது. சில கார்களுக்கு கம்ப்யூட்டரோடு சேர்ந்தோ முழுத் தண்டாகவோதான் தருகிறார்கள். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை எழுத்து விடாமல் எழுதி வைத்துக்கொள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது போதாது. மாட்டி முடித்த பிறகு சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஸ்கேனர் மூலம் சென்சாருக்கு 'இதுதான் நடு' என்று கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் விளக்கு அணையாமல் நிற்கும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அது முடியும்வரை பணிமனையை விட்டு நகராதே.

வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். எனக்கு இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். இரவில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. கை சொன்னதை வண்டி கேட்ட காலம் ஒன்று இருந்ததல்லவா, நாம் இருவரும் விடிய விடிய மாறி மாறி ஓட்டிப் போனோமே.

உன் தோளுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை ஒரு நாளும் விடாதே. வண்டியைச் சரி பார்க்கும்வரை நீ ஓட்ட வேண்டாம், தங்கையையும் ஓட்ட விடாதே. பேட்டரி வாங்கி எத்தனை வருடம் ஆகிறது என்று உடனே எழுது. ஞாயிற்றுக்கிழமை காலை, நீ வண்டியை எடுப்பதற்கு முன் மீட்டரோடு அங்கே இருப்பேன். நான் வரும்வரை சாவியைத் திருப்பாமல் வை, இரவு முழுக்க நின்ற பேட்டரியைத்தான் நான் அளக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்