கூடைப்பந்துப் பெண்கள் 25 வயதுக்குள் காணாமல் போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் வென்ற கூடைப்பந்து வீராங்கனைகள் கோப்பையோடு நிற்கும் படம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவ்வப்போது வருகிறது. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் நிற்கிற பன்னிரண்டு பேரில் ஐந்து வருடம் கழித்து யார் யார் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் காலை ஐந்தரைக்கே மகளை மைதானத்தில் கொண்டுவந்து விடுகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். திறமை போதாமல் நின்றுபோகிற பெண்கள் குறைவு. முழங்காலும் சான்றிதழும்தான் பெரும்பாலோரை நிறுத்திவிடுகின்றன.

ஆண்களுக்கு 2022இல் ஐ.என்.பி.எல். என்ற தேசியக் கூடைப்பந்து லீக் வந்தது. பெண்கள் முழுப் பருவமும் ஆடி, அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும்படியான லீக் இங்கே இன்னும் நிலைக்கவில்லை. ஆகவே நம் ஊரில் தொழில்முறை ஆட்டக்காரி என்றால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு துறையில் வேலைக்குச் சேர்ந்து அந்தத் துறையின் அணிக்காக ஆடுபவர் என்றே பொருள். 19 வயதில் இந்திய அணித் தலைவியாகி 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னைப் பெண் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடி, 2011இல் அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் ட்ரயல்ஸ் வரை போன கீத்து அன்னா ஜோஸும் அதே தெற்கு ரயில்வேதான். இருவரும் அத்தனை வருடம் ஆட முடிந்ததற்கு மாதம் தவறாமல் வந்த சம்பளமும் ஒரு காரணம்.

அந்த வேலைக்கு வழி எப்படி? ரயில்வேயின் நேரடி அறிவிக்கையை எடுத்துக்கொள்வோம். வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண். ட்ரயல்ஸுக்கு 40, போட்டிச் சாதனைகளுக்கு 50, படிப்புக்கு 10. ட்ரயல்ஸில் 25 எடுக்காதவர்களுக்கு மீதிக் கணக்கே பார்க்கப்படாது. எத்தனை அழகாக ஆடினாலும் பாதி மதிப்பெண் சான்றிதழ்த் தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாளுக்கும் ஆயுள் உண்டு. நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகள், இவற்றில் ஆடிய போட்டிகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் பெண்கள் வழுக்குகிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு பெண் 2023 ஜனவரியில் தேசியப் போட்டியில் மாநில அணிக்கு ஆடுகிறாள். அது 2022-23 கணக்கு. ஆகஸ்டில் முழங்கால் போகிறது. அக்டோபரில் அறுவை சிகிச்சை. மறுபடி கோர்ட்டில் இறங்க அடுத்த ஜூலை ஆகிவிடும். அந்த ஒரு பருவம் போயே போயிற்று. அடுத்த பருவத்திலும் மாநில அணியில் இடம் கிடைக்காவிட்டால், 2025 ஏப்ரல் 1 அன்று அவள் கையில் இருக்கும் தேசியச் சான்றிதழ் வெறும் நினைவுப் பொருள். ஆட்டம் திரும்பி வந்திருக்கும், தகுதி போயிருக்கும். வயது 24 ஆகியிருந்தால் அதோடு முடிந்தது.

அதனால் சான்றிதழை ஆட்டத்துக்குச் சமமாகக் கவனியுங்கள். மத்திய அரசு வேலைகளுக்குச் சான்றிதழ் ஃபார்ம்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியிருந்தால் ஃபார்ம் 1, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் ஃபார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஃபார்ம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு ஃபார்ம் 4. போட்டி முடிந்த மாதத்திலேயே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், பழைய பட்டியல் இருக்காது, அலைச்சல்தான் மிஞ்சும். சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2015இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே இரண்டாகப் பிரிந்து நின்றது. அப்படிப்பட்ட சமயத்தில் எந்தப் பக்கத்துப் போட்டியில் ஆடினோம் என்பதும் ஒரு பெண்ணின் வேலையைத் தீர்மானிக்கும்.

இன்னொரு சின்னத் தொல்லை நம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், போட்டிச் சான்றிதழில் இனிஷியலே இருக்காது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சரிபார்ப்பு மேசையில் நிரூபிக்க வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்பிலேயே ஒரே மாதிரி எழுதப் பழக்கிவிட்டால் அந்த அவதி இல்லை. பரிசுத்தொகை தரும் ஓப்பன் டோர்னமென்ட் ஷீல்டுகளை ஷோகேஸில் வைக்கலாம். கோட்டாவில் அவை எடுபடாது.

அடுத்தது முழங்கால். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுத்து ஒற்றைக் காலில் இறங்கும்போது, அல்லது ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது, முட்டி உள்பக்கம் மடங்கி 'டப்' என்று சத்தம் கேட்கும். ஓரிரு மணி நேரத்தில் முட்டி பந்து மாதிரி வீங்கும். இப்படி நடந்தால் முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகமாக நடக்கிறது. வழக்கமாக நடக்கும் தவறு என்னவென்றால், எண்ணெய் போட்டு நீவுவார்கள், கட்டுப் போடுவார்கள், எக்ஸ்ரே எடுத்து 'எலும்பு முறியவில்லை' என்றதும் நிம்மதியாகிவிடுவார்கள். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி, நடை சரியாகி, 'ஸோனல் மேட்ச் இருக்கு' என்று மறுபடி இறங்குவாள். அப்போது முட்டி நழுவும். ஜவ்வோடு போயிருக்க வேண்டியது, உள்ளே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பையும் சேர்த்துக் கிழித்துவிடும். ஸ்டான்லி மருத்துவமனையிலோ வேறெங்கோ, முதல் வாரத்திலேயே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம் என்பது கணக்கில் விட்டுக்கொடுக்கக் கூடாதது. மாதம் மட்டும் போதாது, காலும் சோதனையில் தேற வேண்டும். கடைசிக் கட்டத்தில், மருத்துவரும் பிசியோவும் சரி சொன்ன பிறகு, தரையில் டேப் விரித்து ஒற்றைக் காலில் தொடர்ந்து மூன்று தாவல் தாவச் சொல்லுங்கள். நல்ல காலில் 5 மீட்டர் போனால் அறுவை செய்த காலில் 4.5 மீட்டராவது போக வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு வராத வரை மேட்ச் கிடையாது.

வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது, செலவில்லாத வழி. ஒரு அடி உயரப் படியிலிருந்து இரண்டு காலில் குதிக்கச் சொல்லி, எதிரே நின்று மொபைலில் மெதுவாக ஓடும் வீடியோ எடுங்கள். இறங்கும் நொடியில் இரண்டு முட்டியும் ஒன்றையொன்று முட்டப் பார்க்கிறதா? அந்தப் பெண்ணுக்கு இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். முட்டி பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும், இடுப்பு பின்னால் போக வேண்டும், பாதம் சத்தமில்லாமல் தரையைத் தொட வேண்டும். வாரம் மூன்று நாள், ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் ஸ்குவாட், ஒற்றைக்கால் நிலை, பக்கவாட்டு ஓட்டம், இறங்கும் பயிற்சி. பல மைதானங்களில் இந்த இருபது நிமிடத்தை இரண்டு ரவுண்ட் ஓட்டத்தோடு முடித்துவிடுகிறார்கள். டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டு வருகிற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மூன்றாம் குவார்ட்டரில் கால் தளரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால் அதைச் சௌகரியம் என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உலகத்தின் உச்சியில் இருப்பவர்களுக்கும் இதே விழுவதும் எழுவதும்தான். பிரியானா ஸ்டூவர்ட் 2018இல் டபிள்யூ.என்.பி.ஏ.வின் சிறந்த வீராங்கனை, அணிக்கும் கோப்பை. அமெரிக்கப் பருவம் முடிந்ததும் பலரைப் போல ஐரோப்பாவில் ஆடப் போனார். 2019 ஏப்ரலில் ஹங்கேரியில் நடந்த யூரோலீக் இறுதிப் போட்டியில் குதிகால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டின் அமெரிக்கப் பருவம் முழுக்க வெளியே. 2020இல் திரும்பி வந்து கோப்பையும் இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை விருதும் வாங்கினார். நம் பெண்ணுக்கும் உடம்பு அப்படித்தான் தேறும். அந்த ஒரு வருடம் காத்திருக்க ஒப்பந்தமும் பிசியோவும் அவளுக்கு இல்லை, அதுதான் வித்தியாசம். டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரசவ விடுப்பில் முழுச் சம்பளம் உண்டு. இங்கே அரசு வேலையில் இருக்கும் ஆட்டக்காரிக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. வேலை இல்லாதவளுக்குக் கல்யாணத்தோடு ஷூவைக் கழற்ற வேண்டியதாகிவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு ஆட நினைப்பவர்கள் முதல் மூன்று மாதம் ஓட வேண்டாம்.

ட்ரயல்ஸ் பற்றி ஒன்று. பள்ளியில் ஐந்தடி ஐந்தங்குலப் பெண்தான் உயரம் என்று அவளை போஸ்டில், அதாவது ரிங்குக்கு அருகே, நிறுத்திவிடுகிறார்கள். சீனியரில் ஆறடிப் பெண்கள் வருவார்கள். அப்போது அவள் வெளியே நின்று பந்தை நகர்த்தும் கார்டு ஆட வேண்டும், ஆனால் இடது கையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வராது. கோட்டா அறிவிக்கை பெரும்பாலும் 'கார்டு ஒன்று, சென்டர் ஒன்று' என்று இடம் பார்த்துத்தான் வரும். எந்த உயரமானாலும் பதினைந்து வயதுக்குள் இரண்டு கையிலும் பந்து பேச வேண்டும். அதுவும் பெண்களுக்கான 6ஆம் நம்பர் பந்தில். பையன்களின் 7ஆம் நம்பர் பந்து அதைவிடக் கனம், சுற்றளவும் கூட. அதில் பழகும் பெண் தோளால் தள்ளித்தான் ஷாட் போடுவாள், பிறகு அதை மாற்ற மாதக்கணக்காகும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிக்கை வரும்போது கடைசித் தேதி, எந்த இடத்துக்கு ஆள், எந்தத் தேதிக்குப் பிந்தைய சான்றிதழ் என்ற மூன்றையும் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரியில் தமிழில் போடுங்கள்.

மாநகராட்சிக்கும் ஒன்று. வடசென்னையின் பழைய சிமென்ட் கோர்ட்களில் இன்னும் 6.25 மீட்டர் மூன்று புள்ளிக் கோடும் ரிங்குக்கு முன்னால் சரிவக வடிவக் கட்டமும் இருப்பதைக் காணலாம். 2010இலேயே அவை மாறிவிட்டன. அரை மீட்டர் கிட்டே நின்று பழகும் பெண் ட்ரயல்ஸில் போடும் ஷாட் ரிங்கின் முன்விளிம்பில் இடித்து விழும். கடல் காற்றில் போல்ட் துருப்பிடித்து ரிங்கும் முன்னால் சாய்ந்துவிடுகிறது. அது தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். திருத்த வேண்டிய அளவுகள் இவை: ரிங்குக்குப் பின்னாலுள்ள எல்லைக் கோட்டின் உள்விளிம்பிலிருந்து ரிங்கின் நடுப்புள்ளி 1.575 மீட்டர், அங்கிருந்து மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேர்கோடு, கட்டம் 4.9க்கு 5.8 மீட்டர். ஒரு டேப், ஒரு சுண்ணாம்புக் கயிறு, இரண்டு டப்பா பெயின்ட் போதும். சனிக்கிழமை மாலை அடித்தால் திங்கள் காலை பிள்ளைகள் ஆடலாம்.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.