டீக்கடைக்கு ஏது திரை?

தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தாருக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் குழந்தைகளுக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போய்வருபவள் நான். ஒருநாள் வராந்தாவில் ஒரு சிறுமியோடு காத்திருந்தேன். வாங்கித் தந்த பிஸ்கட்டைப் பிரிக்காமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா, டீச்சர், போலீஸ், டாக்டர், மேஜிஸ்திரேட், வக்கீல் சார். இன்னைக்குச் சொன்னா ஏழாவது தடவைக்கா." அன்றைக்கும் வாய்தா.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, சாட்சி சொல்லப் பிள்ளையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது, சாட்சி சொல்லும்போது குற்றம்சாட்டப்பட்டவன் அவள் கண்ணில் படக்கூடாது என்றெல்லாம் 2012லேயே எழுதிவிட்டார்கள். உள்ளே திரையும் கட்டியிருந்தார்கள். ஆனால் அவன் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றான். டீக்கடைக்கு ஏது திரை? இது எந்த வழக்குக் கட்டிலும் பதிவாகாது. அவளைக் கேட்டால்தான் தெரியும்.

அந்தச் சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பை 44ஆம் பிரிவு உங்களிடமும் தந்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வழக்கு முடிந்து வளர்ந்துவிட்டவர்களையும், புகாரே கொடுக்காமல் நாற்பது வயதைத் தாண்டியவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை விசாரிக்க 2013 முதல் 2017 வரை இயங்கிய அரச ஆணையம், பாதிக்கப்பட்டவர்களில் 8,000 பேருக்கு மேல் தனித்தனியாகச் சந்தித்தது. சத்தியப்பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. வாய் திறக்கவே சராசரியாக 20 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

கருத்தரங்கம் மட்டும் வேண்டாம். குத்துவிளக்கும் பொன்னாடையும் நிறையப் பார்த்தாயிற்று.

இன்னொன்று. குற்றம் தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அதைப் பேச்சு தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மனம்விட்டுப் பேசியவளிடம் பாதியில் போய் "இதை நாங்கள் ஸ்டேஷனுக்கு அனுப்பணும்மா" என்றால், அவள் மறுபடி யாரிடமும் பேசமாட்டாள். என் கண்ணெதிரே ஒருத்தி அப்படி எழுந்து போயிருக்கிறாள்.

நாள் குறித்தால் தெரியப்படுத்துங்கள். வரத் தயாராக மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு.

இப்படிக்கு,
துணைக்குப் போகிறவள்