ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிடுங்கள்: இலங்கை சனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சனாதிபதி அவர்களுக்கு,

வணக்கம். 2009இல் போரின் முடிவில் இராணுவத்திடம் நாங்கள் ஒப்படைத்த என் தம்பியைப் பற்றிய விபரங்களைப் பதிய வேண்டுமென்று என் அம்மாவை அண்மையில் மீண்டும் ஓர் அரச அலுவலகத்திற்கு அழைத்திருந்தார்கள். ஆணைக்குழுக்களின் முன் அவர் பலமுறை சொன்னவற்றையே இன்னொரு படிவத்தில் கேட்டார்கள். 'இறுதியாக எங்கே, எவருடன் காணப்பட்டார்' என்ற இடத்தில், '2009 மே 18, வட்டுவாகல், இராணுவத்தினருடன்' என்று எழுதும்படி அம்மா சொன்னார். அலுவலர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, மரணச் சான்றிதழ் எடுத்தால் இழப்பீட்டு அலுவல் கெதியாய் முடியும் என்றார். "நான் என்ர கையால ஒப்படைச்ச பிள்ளைக்கு நானே எப்படி மரணப் பதிவு எடுக்கிறது?" என்று அம்மா கேட்டதற்கு அந்த அலுவலரிடம் பதிலில்லை. அந்தப் பதில் அவரிடம் இருக்க வேண்டியதும் அன்று. அது அரசிடம் இருக்கிறது.

2009 மே 18 அன்று முல்லைத்தீவின் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் அடிகளாரும் இருந்தார் என்பதும், அவர்கள் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டதை உறவினர்கள் தம் கண்ணால் பார்த்தார்கள் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. கட்டளை பெற்று இயங்கும் ஓர் இராணுவம், தான் பொறுப்பேற்றவர்களின் பெயர்களை எழுதாமலே கொண்டு சென்றது என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. அந்தப் பெயர்ப்பட்டியலையே கேட்கிறோம்.

போரின் அந்த இறுதி ஆண்டில் இந்த நாட்டின் பொதுவாழ்வே மனிதரைக் குறைத்து எண்ணுவதில்தான் நடந்தது. 2008 செப்தம்பரில் ஐ.நா. பணியாளர்கள் போர் நடந்த வன்னிப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சுயாதீன ஊடகவியலாளர்கள் உள்ளே செல்லவே முடியவில்லை. 2009 சனவரி 6இல் கொழும்பருகே சிரச தொலைக்காட்சி நிலையம் தாக்கப்பட்டது. இரண்டே நாளில் சண்டே லீடர் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். கேள்வி கேட்கும் வாய்கள் இப்படி அடைக்கப்பட்ட நாட்களில்தான், வன்னிக்குள் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசு சொன்னது. உணவும் மருந்தும் எவ்வளவு போகலாம் என்பதை அந்த எண்ணே தீர்மானித்தது. போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தவர்களோ ஏறத்தாழ 2,80,000 பேர். பங்கருக்குள் ஒரு சுண்டு அரிசியைக் கஞ்சியாக்கிப் பங்கிட்ட குடும்பங்களுக்கு அந்த வித்தியாசத்தின் பொருள் தெரியும். அங்கே காயப்பட்டோருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களைத் தடுத்துவைத்து, 2009 சூலையில் ஊடகங்களின் முன் நிறுத்தி, இறப்பு எண்ணிக்கையை மிகைப்படுத்தியதாகச் சொல்லவைத்ததையும் நாங்கள் மறக்கவில்லை.

மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, 2008 ஒக்ரோபரில் கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) பதிவின்படி வன்னியில் இருந்த 4,29,059 பேரில், 2009 சூலைக்குள் வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர் என்றும், மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்றும் 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டார். அக்கணக்கு தவறென்றால், விதானைமாரின் (கிராம அலுவலர்களின்) குடும்பப் பதிவுகளை முகாம் பதிவுகளோடு பெயர் பெயராக ஒப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். இதுவரை அரசு அதைச் செய்யவில்லை.

அதற்குப் பதிலாக, 2016இல் சட்டமியற்றிக் காணாமல் போனோருக்கான அலுவலகம் ஒன்று அமைத்தீர்கள். 2022இல் குடும்பத்துக்கு 2,00,000 ரூபா இழப்பீடு என்றீர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் பிள்ளைகளைத் தேடிப் போராட்டம் தொடங்கிய தாய்மாரில் பலர், எந்தப் பதிலும் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். மற்றவர்களும் போய்ச் சேரட்டும், கேட்பதற்கு ஆளில்லாமல் போகும் என்று அரசு காத்திருக்கிறதோ என்ற ஐயம் எங்களுக்கு எழுவதைத் தாங்கள் குற்றமாகக் கொள்ளக்கூடாது.

ஆகவே மிகுந்த மரியாதையுடன் மீண்டும் கேட்கிறேன்: 2009 மே மாதம் வட்டுவாகலிலும் ஓமந்தைச் சோதனைச்சாவடியிலும் இராணுவம் பொறுப்பேற்ற ஒவ்வொருவரின் பெயரையும், பொறுப்பேற்ற திகதியையும், பின்னர் கொண்டு செல்லப்பட்ட இடத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா கச்சேரிகளில் எவரும் பார்க்கக்கூடியவாறு வையுங்கள். அந்தப் பட்டியல் வெளியாகும் வரை, மரணச் சான்றிதழ் எடுக்கும்படி எங்கள் தாய்மாரிடம் எந்த அலுவலரும் கேட்கக்கூடாது என்று சுற்றறிக்கை ஒன்றையும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒப்படைக்கப்பட்ட ஒருவரின் அக்கா