பால்கனி விரிசலைப் பூசி மறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகளுக்கு மறுபடி வண்ணம் பூசும்போது, பால்கனியில் தெரியும் விரிசல்களைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கட்டுமானப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இந்தப் பழக்கம் உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அறைக்குள் இருக்கும் தளத்தில் பாரம் ஏறினால் நடுவில் அடிப்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பிகள் அங்கே அடியில் இருக்கும். தூணின்றிச் சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் பால்கனியிலோ இழுவிசை மேற்பக்கத்தில், அதுவும் சுவரை ஒட்டிய இடத்தில்தான் மிகுதி என்பதால், கம்பியும் மேலேதான் இருந்தாக வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் மிதித்து அந்த மேல்கம்பி 3 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டால், 10 சென்டிமீட்டர் கனமுள்ள தளம் தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். பல வீடுகளில் இந்தக் குறை தொடக்கம் முதலே இருக்கிறது. துருவும் சேரும்போதுதான் வெளியே தெரிகிறது.

ஆகையால் எல்லா விரிசல்களையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. பூச்சின் மேல் வலைபோல் பரவும் மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வந்தவை. அடிப்பக்கத்தில் கம்பி போகும் வழியிலேயே ஓடி, பழுப்புக் கறை கசியும் விரிசல், கம்பி துருப்பிடித்ததைக் காட்டுகிறது. எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது, தளத்தின் மேற்பக்கத்தில் வீட்டுச் சுவருக்கு இணையாக, சுவரை ஒட்டியே ஓடும் விரிசல். டைல்ஸ் அதை மறைத்துவிடுவதால், தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை. கைப்பிடிச் சுவர் வீட்டுச் சுவரோடு சேரும் மூலையில் மேலே அகன்றும் கீழே குறுகியும் ஓர் இடைவெளி தெரிந்தால், பால்கனி முன்னோக்கிச் சாயத் தொடங்கியிருக்கலாம். அதைக் கண்ட அன்றே அங்கே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

ஆய்வுக்குப் பெரிய கருவிகள் எல்லாம் முதலில் தேவைப்படுவதில்லை. சிறு சுத்தியலால் சதுரம் சதுரமாகத் தட்டிக்கொண்டே போனால், கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்துவிட்ட இடம் பொக்கையாகக் கேட்கும். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பல ஆண்டுகளாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைப் போக்கிவிடுகிறது. புதிதாக உடைத்த முகத்தில் காரத்தை நிறமாற்றத்தால் காட்டும் பினாப்தலீன் என்ற வேதிக் கரைசலைத் தெளித்தால், காரம் எஞ்சியுள்ள பகுதி அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். நிறம் மாறாத பட்டை கம்பியையும் தாண்டிப் போயிருந்தால், மேற்பூச்சு வேலையால் பயனில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொண்டு, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும்.

பழுதுபார்ப்பில் முதல் வேலை முட்டுக் கொடுப்பது. எங்கே, எத்தனை முட்டு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கீழ்மாடிப் பால்கனியும் அதே வயதுடையதுதான் என்பதால், அதன்மேல் நிறுத்துவதோடு விடாமல் தரைவரை முட்டு இறங்க வேண்டும். பிறகு பொக்கையான கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக அழுத்திப் பூசி, காயாமல் ஈரம் காக்க வேண்டும். கம்பி மிகவும் தேய்ந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்க நேரிடும். அது வீட்டின் உள்தளத்திற்குள் போதிய நீளம் ஊன்றியிருந்தால்தான் பாரத்தைத் தாங்கும். விரிசலில் எபாக்சி என்னும் இறுகி ஒட்டும் பிசினைச் செலுத்துவது அசைவற்ற விரிசலுக்கு ஏற்ற முறை. துரு பிளந்த இடத்தில் அதைச் செலுத்தினால், துரு உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

தண்ணீர் தேங்காத வாட்டமும், விளிம்பின் அடியில் நீர் சொட்டிவிடும் பள்ளமும், கைப்பிடிக் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடங்களில் நல்ல அடைப்பும் இல்லையென்றால் செய்த பழுதுவேலை நிலைக்காது. பழைய டைல்ஸைப் பெயர்க்காமலே அதன்மேல் 5 சென்டிமீட்டர் கலவை போட்டுப் புதிய டைல்ஸ் ஒட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அந்தக் கலவை மட்டுமே சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ கூடுதல் பாரம்.

விரிசலுள்ள பால்கனியை வைத்திருப்பவர்கள், பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை அங்கே பூந்தொட்டிகளையும் தண்ணீர் டிரம்களையும் அகற்றி, கீழே ஆட்கள் நடக்கும் வழியையும் அடைத்துவைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்