கண்ணிலிருந்து எண்ணெய் எடுத்தாச்சு, எல்லாருக்கும் நன்றி

பினாங்கு ஆயர் ஈத்தாம் ஃபிளாட் மக்களுக்கும், ஸ்கூல் வேன் ஓட்டும் நம்ம ஆட்களுக்கும், என் வண்டிப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கும் வணக்கம்.

கண்ணின் உட்சுவரிலிருந்து கழன்ற விழித்திரையை அழுத்திப் பிடிக்க நவம்பரில் வைத்த சிலிகோன் எண்ணெயை, போன வாரம் என் வலது கண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள். விழித்திரை ஒட்டியபடியே இருக்கிறது. எழுதலாம் என்று டாக்டர் சொன்னதும் முதலில் உட்கார்ந்து எழுதுவது இதைத்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் முதல் ஆபரேஷன் நடந்தபோது பார்க்க வராத ஆளே இல்லை, ஆரஞ்சுப் பழம் வைக்க வீட்டில் இடமில்லை. அதற்கும் நன்றிதான். ஆனால் இந்த மடல் அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதத்துக்காக. எண்ணெய் உள்ளே இருக்கும் கண் வெளியே பார்க்க நல்ல கண் மாதிரியே இருக்கும். கட்டு இல்லை, சிவப்பு இல்லை. "நல்லாத்தானே இருக்கீங்க, எப்ப வண்டி எடுக்கப் போறீங்க?" என்று கேட்டவர்கள் நிறைய. கேட்காமல் கூடவே இருந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேருக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ஆனால் முதலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அந்தச் சீனப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். கண்ணுக்குள் திடீரென்று மிளகைத் தூவியது போல் கரும்புள்ளிகள், இருட்டில் ஓரமாக மின்னல் மாதிரி ஒரு வெட்டு. ஒரு கிளினிக்கில் காட்டினேன், கண் அசதி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள், நான்கு நாள் அதில் போனது. ஐந்தாம் நாள் மேலிருந்து கடை ஷட்டர் இறங்குவது போல ஒரு நிழல். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனவன் நான்! என் பவர் மைனஸ் 7 என்று பார்த்ததும் அந்தப் பெண் டெஸ்ட்டை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போகாதீங்க அங்கிள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றாள். விற்க வேண்டிய கண்ணாடியை விற்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். அதிக மைனஸ் பவர் இருக்கிறவர்களுக்கு விழித்திரை மெலிந்து கிழிய வாய்ப்பு கூடுதல் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது புள்ளி, மின்னல், நிழல் இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தால் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தமிழில் விளக்கிய அந்த இளம் டாக்டருக்கு நன்றி. ஒப்புதல் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நான் வேன் டிரைவர் என்று தெரிந்ததும் டியூப் பஞ்சரை வைத்தே பாடம் நடத்தினார். விழித்திரையின் கீழ்ப்பக்கம் ஓட்டை, அது வழியாக நீர் இறங்கித் திரையைச் சுவரிலிருந்து பிரித்துவிட்டது. (கீழே ஓட்டை என்றால் நிழல் ஏன் மேலே தெரிந்தது என்று கேட்டேன், கண்ணுக்குள் படம் தலைகீழாகத்தான் விழும் என்றார்.) உள்ளே இருக்கும் ஜெல்லியை எடுத்துவிட்டு, திரையைப் படிய வைத்து, ஓட்டையைச் சுற்றி லேசர் வைப்பார்கள். லேசர்தான் கம், அதாவது பசை. கம் காய்கிற வரைக்கும் அழுத்திப் பிடிக்க ஒன்று வேண்டும், அதுதான் எண்ணெய். சிலருக்கு வாயு வைப்பார்கள், அது தானாகவே கரைந்து போய்விடும். எண்ணெய் கரையாது, ஒருநாள் திரும்பப் போய் எடுத்தே ஆக வேண்டும்.

எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மேலேதான் மிதக்கும். ஓட்டை கீழ்ப்பக்கம் என்பதால் எண்ணெய் அந்த இடத்தை அழுத்த நான் குப்புறக் கிடக்க வேண்டும். இரண்டு வாரம். சாப்பிடும்போதும் குனிந்த தலை, கழிவறைக்குப் போனாலும் குனிந்த தலை. மூன்றாம் நாளே கழுத்து விட்டுப்போனது. அப்போதுதான் எதிர்வீட்டுச் சீன அங்கிள் வந்தார். மோட்டார் சைக்கிள் சீட் தைக்கிறவர். என் முகத்தை ஒரு டேப்பால் அளந்துகொண்டு போனார், ராத்திரியே சீட் பஞ்சில் நடுவே குழி வைத்து ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவந்துவிட்டார், மூச்சு விடத் தனி ஓட்டை வேறு. காசு கேட்கவில்லை. அதில் முகத்தைப் பதித்த அன்றுதான் நான் தூங்கினேன்.

கீழ்மாடி மக்சிக்குக்கு (மலாய் அம்மா ஒருவர்) எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. என் மனைவி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, அவள் போய்விட்டால் சொட்டு மருந்து விட ஆள் கிடையாது, எனக்கோ பாட்டில் எது என்றே தெரியாது. மக்சிக் ஒரு வழி கண்டுபிடித்தார். பாங்கு சொன்னதும் தொழுதுவிட்டு மேலே ஏறி வந்து கதவைத் தட்டுவார், மருந்து விடுவார், போய்விடுவார். டாக்டர் சொன்ன நேரமும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அப்புறம் தம்பி. பெயர் போட்டால் திட்டுவான். 22 பிள்ளைகளை நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் வண்டி நின்றால் அந்தப் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள், அது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தம்பி தன் வேன் பிள்ளைகளை ஒரு நடை கொண்டுபோய் விட்டுவிட்டு, என் வண்டியை எடுத்து இரண்டாம் நடை அடித்தான், அதற்காகத் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்தான். மாதக் கடைசியில் டீசல் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி வெள்ளியை எண்ணி என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போவான். "பிள்ளைங்க உங்க பிள்ளைங்க, நான் சும்மா ஓட்டுறேன்" என்பான். பெற்றோர்களே, அந்த மாதங்களில் வண்டி பத்து நிமிடம் தாமதமாக வந்ததைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை, அது சின்ன விஷயமில்லை. குப்புறக் கிடந்த நாட்களில் ஒருநாள் தம்பியோடு என்னைப் பார்க்க வந்த இரண்டாம் ஆண்டுப் பாப்பா ஒன்று, "அங்கிள், தரையில என்ன தேடுறீங்க?" என்று கேட்டது. வாரம் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

எண்ணெயோடு இருப்பது ஒரு விநோதம். எண்ணெய் இருக்கும்போது கண்ணின் பவர் மாறிவிடுகிறது, என் மைனஸ் 7 ஏறக்குறைய மைனஸ் 2 ஆகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினால்தான் அந்தக் கண்ணுக்குக் கொஞ்சமாவது தெரியும், போட்டால் இன்னும் மோசம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவன், இந்த முறை டம்ளரை நீட்டினால் ஊற்றுவது வெளியே போகிறது, தூரக் கணக்கு பிடிபடவில்லை. பந்தல் பையன்கள் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மோர் வாளிக்குக் காவல் என்று ஒரு பதவியும் கொடுத்தார்கள். மானத்தைக் காப்பாற்றினீர்கள் தம்பிகளா.

மார்ச்சில் கண் அழுத்தம் 30ஐத் தொட்டது, 21க்குள் இருக்க வேண்டியது. எண்ணெயை அதிக நாள் விட்டால் பொடிப்பொடிக் குமிழாக உடையும், அழுத்தம் கூட்டும், கண்புரை வளர்க்கும். எடுத்துவிடலாம் என்றார்கள். வேன் ஸ்டாண்டில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. ஆயில் சர்வீஸ்தானே, ஃபில்டரையும் மாற்றச் சொல்லு என்றார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் முதல் ஆபரேஷனைவிட இதற்குத்தான் பயந்தேன். எண்ணெயை எடுத்தபின் அழுத்திப் பிடிக்க உள்ளே ஒன்றும் கிடையாது, ஒட்டு சரியாகப் பிடிக்காமல் இருந்தால் திரை மறுபடி கழன்றுவிடலாம். பாரத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. முந்தின ராத்திரி இதைத் தம்பியிடம் மட்டும் சொன்னேன். அவன் தைரியம் சொல்லவில்லை, காலையில் நானே கூட்டிப்போகிறேன் என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டார்கள், முழித்துக்கொண்டுதான் இருந்தேன். எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு துளை வழியாக உப்புநீர் விட்டார்கள். துணி மூடிய இருட்டில் ஒரு மலாய் மிஸ்ஸி (நர்ஸ்) என் கையைப் பிடித்தபடி "சிக்கிட் லாகி, பக்சிக்" (இன்னும் கொஞ்சம்தான், அங்கிள்) என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. மிஸ்ஸி, நன்றி.

இப்போது பழைய மைனஸ் 7க்கே கண் திரும்பிவிட்டது. பார்வையின் கீழ் ஓரத்தில் இரண்டு குட்டி வட்டங்கள் மிதக்கின்றன, மிச்சமான எண்ணெய்த் துளிகள், தலையைச் சாய்த்தால் கொத்தனாரின் ரசமட்டக் குமிழ் மாதிரி நகரும். தூணைப் பார்த்தால் லேசாக வளைந்து தெரிகிறது. கண்புரை ஆரம்பித்திருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். டாக்டர் சரி என்கிற வரை ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். அடுத்த மாதத்திலிருந்து தம்பி ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் வருவேன், கதவு திறந்து பையை வாங்கி வைக்க.

மெத்தையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அங்கிள் வாங்க மறுத்துவிட்டார். உங்களுக்குத் தெரிந்த யாரையாவது குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். உறையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.