50-க்கும் 55-க்கும் நடுவே

பாளையங்கோட்டை
கார்த்திகை 12

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. காலை ஒன்பதுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. இன்று விடியற்காலையிலிருந்து விடாத மழை, கல்லூரிக்கு விடுமுறை. அதனால்தான் உட்கார முடிந்தது. அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. பேப்பரை இப்போது தானே படிக்கிறாள், படித்ததை எனக்கும் சொல்கிறாள். நீ விடுதிக்கு வாங்கிப்போன நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டில் திரும்பி வரவில்லை என்று போன வாரம்கூட ஞாபகப்படுத்தினாள்.

வெளிநாட்டில் உன் துறையில் படிக்கிறானே, நீ எழுதியிருந்த அந்த மதுரைப் பையன் விஷயத்தை இரண்டு மூன்று முறை படித்துவிட்டேன். முதல் செமஸ்டரில் மூன்று பாடம்: ஒன்றில் பி பிளஸ், ஒன்றில் பி மைனஸ், ஒன்றில் சி. சராசரி நாலுக்கு 2.67. முதுகலை மாணவனுக்கு 3.0 வேண்டும் என்பதால் உடனே ப்ரொபேஷன் கடிதம், அதாவது தவணைக்குள் தேறாவிட்டால் நீக்கம் என்ற எச்சரிக்கை. அவனோ வீட்டில் "எல்லாம் பாஸ்" என்று சொல்லியிருக்கிறான். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைக்கு சி என்பது பாஸ்தானே. பி-க்குக் கீழே போனாலே தரை விட்டுப்போகிற ஓர் இடம் உண்டு என்று யார் அவனுக்கு முன்னமே சொன்னார்கள்? நீக்கினால் மாணவர் விசாவும் போகும் என்ற பயத்தில் அவன் உன் அறைக்கே பத்து நாள் வராமல் இருந்தது, படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

ஆனால் அவனை உட்கார வைத்து நீ போட்டுக் காட்டிய கணக்கைப் படித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை வந்தது. அடுத்த செமஸ்டரில் மூன்றிலும் பி பிளஸ் வாங்கினால் இரண்டு செமஸ்டரும் சேர்ந்து 2.98-தான் ஆகும், எட்டாது. ஒன்றிலாவது ஏ மைனஸ் வந்து, மற்ற இரண்டும் பி-யும் பி பிளஸ்ஸுமாக இருந்தால் சரியாக 3.0. அவனுக்குப் போட ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது, மீனா. என் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு எதுவும் மிச்சமில்லை.

அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வருஷம் எங்களிடம் எம்.ஏ. முடித்தவள். மொத்தம் 54.6 சதவீதம். கல்லூரியில் பாடம் நடத்தத் தகுதி தரும் நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அவளுக்கே உறைத்திருக்கிறது. பொதுப்பிரிவுக்கு 55 வேண்டும், முழுமையாக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. 54.9 இருந்தாலும் 54.9-தான். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 50 போதும். அந்தத் தளர்வு இருப்பதால்தான் என் வகுப்பில் பாதிப் பேர் இந்தப் பக்கம் கனவு காண முடிகிறது. அது இருக்க வேண்டும். இவள் மாநிலப் பட்டியலில் பி.சி., ஆனால் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இவள் சாதி இல்லை. அதனால் தில்லிக்கு இவள் பொதுப்பிரிவு.

எப்படி 54.6 ஆயிற்று என்று மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மற்ற மூன்று செமஸ்டரும் 55, 56 என்றுதான் போகிறது. முதல் செமஸ்டரில் இரண்டு தாள் மட்டும் 50, 51. அந்த நவம்பரில் அவள் அப்பா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வராந்தாவில் படுத்துவிட்டு வந்து பரீட்சை எழுதியிருக்கிறாள். இங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று அவள் 45 வாங்கித் தோற்றிருந்தால் அரியர் எழுதி 65 வாங்கியிருக்கலாம். 50 வாங்கிப் பாஸாகிவிட்டாள். பாஸான தாளைத் திரும்ப எழுத எங்கள் விதியில் இடமில்லை. அவ்வளவு கஷ்டத்திலும் தோற்காமல் இருந்ததுதான் அவள் செய்த குற்றம் என்று ஆகிவிட்டது.

பட்டம் வாங்க 50, அந்தப் பட்டத்தை வைத்துப் பாடம் நடத்தவோ ஆராய்ச்சி செய்யவோ 55. பிஎச்.டி. சேரவும் 55, சேர்ந்த பிறகு ஆய்வுக்கு முன் படிக்கிற பாடங்களில், அதாவது கோர்ஸ்வொர்க்கிலும் 55. நடுவே இருக்கிற அந்த ஐந்து மதிப்பெண்ணைப் பற்றி எம்.ஏ. சேர்க்கையின்போது நாங்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. அவளுடைய சித்தப்பா மகன் வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவன்; அவனுக்குச் சதவீதமே கிடையாது, பத்துக்கு இவ்வளவு என்கிற சராசரிப் புள்ளியான சி.ஜி.பி.ஏ. மட்டும்தான். 6.2. அதைப் பத்தால் பெருக்கும் பல்கலைக்கழகம் என்றால் 62 சதவீதம். தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. சொல்கிற மாதிரி 0.75 கழித்துப் பத்தால் பெருக்கினால் 54.5. அதே பையன், அதே தாள்கள். ஓர் ஊரில் முதல் வகுப்பு, அடுத்த ஊரில் வாசலுக்கு வெளியே. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பத்துப் புள்ளி முறையைக் கொண்டுவந்தபோது இந்த 55, 54 சண்டையெல்லாம் ஓயும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். ஓ, ஏ பிளஸ், ஏ என்று பட்டை பட்டையாகப் பிரித்தால் ஒரு மார்க்கில் யாரும் சாக மாட்டார்கள் என்று வகுப்பில் பேசியும் இருக்கிறேன். கடைசியில் எல்லோரும் கிரேடை மறுபடி சதவீதமாக மாற்றித்தான் பார்க்கிறார்கள்.

முகாமில் இந்த முறை ஒரு தாள் என் கைக்கு வந்தது. முதலில் திருத்தியவர் 46 போட்டிருந்தார், நான் 58 போட்டேன். இரண்டு பேரும் மறுபடி படித்தோம். அவர் கேட்டதும் நியாயம், நான் கொடுத்ததும் நியாயம். அந்தப் பிள்ளை வரைபடம் போடாமல் விளக்கத்தை மட்டும் அழகாக எழுதியிருந்தது. சராசரி 52 என்று போட்டு மூடினோம். எங்கள் இருவர் கையும் இப்படிப் பன்னிரண்டு மார்க் ஆடுகிறது. இப்படி வந்த எண்களைக் கூட்டி, தசமத்தை வைத்து ஒருத்தியின் ஆயுசுக்குத் தீர்ப்பு எழுதுகிறோமே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருஷமாகத் திருத்துகிறேன். இதை முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

நம் அறைத்தோழியை நினைத்துக்கொண்டேன். கடைசிக் கட்டிலில் படுப்பாளே, அவள்தான். பொருளியலில் நம் மூன்று பேரில் அவளுக்குத்தான் ஆழம் அதிகம். கீன்ஸை எனக்குப் புரிய வைத்தது வாத்தியார் இல்லை, அவள். 54-இல் நின்றாள். 1991 செப்டம்பர் 19-க்கு முன்னால் முதுகலை முடித்து, பிஎச்.டி.யும் வைத்திருப்பவர்களுக்குக் கல்லூரி வேலைக்கான அந்த 55-இல் 5 சதவீதம் தளர்வு உண்டு. நாம் முடித்தது 1992. மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ-வுக்கு எடுத்து, இந்த மே மாதம் ஓய்வு பெறப்போகிறாள். என் மாணவியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம்தான் வருகிறது.

தரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உனக்குத் தெரியும். கோர்ஸ்வொர்க்கில் 55 எடுக்க முடியாதவரிடம் ஆய்வேட்டைக் கொடுக்க நானும் சம்மதிக்க மாட்டேன். உங்கள் 3.0-உம் கடுமையான கோடுதான். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்தவனுக்கு அங்கே ஒரு கடிதம் வருகிறது, ஒரு செமஸ்டர் தவணை கிடைக்கிறது, உன்னை மாதிரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். இங்கே விழுந்தவளுக்குத் தான் விழுந்ததே பட்டமளிப்பு விழா முடிந்த பிறகுதான் தெரிகிறது.

ஜனவரியில் பாடத்திட்டக் குழு கூடுகிறது. பாஸான தாளையும் ஒரு தடவை திரும்ப எழுதலாம், எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் வைக்கப்போகிறேன். குழுவோடு முடியாது, கல்விப் பேரவைக்கும் போக வேண்டும். அதற்கு உன் உதவி வேண்டும். உங்கள் துறையின் ப்ரொபேஷன் கடிதத்தில் பெயரை அடித்துவிட்டு ஒரு நகல் அனுப்பு. யார் கையெழுத்து, எத்தனை நாளில் மாணவரை நேரில் பார்க்க வேண்டும், எத்தனை செமஸ்டர் தவணை, மேல்முறையீடு யாரிடம் என்பதெல்லாம் அப்படியே வேண்டும். வாயால் சொன்னால் இங்கே கேட்க மாட்டார்கள், காகிதம் வேண்டும். அதுவரை முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நானே 55 கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டேன். இரண்டு பேர் வகுப்பு முடிந்ததும் தங்கள் மார்க்கோடு வந்து நின்றார்கள்.

அந்தப் பெண் தொலைநிலையில் இன்னொரு எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள். பகலில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து என் புத்தகங்களை வைத்துக்கொண்டு கூடத்தில் படிக்கிறாள், அம்மா அவளுக்குக் காபி கலந்து கொடுக்கிறாள். இன்னும் இரண்டு வருஷம்.

அந்தப் பையன் அப்பாவிடம் சொல்லிவிட்டானா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

உன்
வசந்தி